தொழுநோய் மறுசீரமைப்பு அறுவை மருத்துவம்

தொழுநோயால் நரம்புகள் செயலிழந்தவர்களின் மடங்கிய விரல்களையும் தொங்கிய பாதங்களையும் மூட முடியாத இமைகளையும் மீண்டும் இயங்க வைக்கும் அறுவைச் சிகிச்சைகள் தொழுநோய் மறுசீரமைப்பு அறுவை மருத்துவம் எனப்படுகின்றன. 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் இதை ஒரு தனித் துறையாக வளர்த்தனர். தொழுநோயாளியின் ஊனம் தீராதது என்று மருத்துவ உலகமே நம்பியிருந்த காலத்தில், அந்த ஊனம் எப்படி உண்டாகிறது என்பதைக் கண்டறிந்து அதைத் திருத்தவும் தடுக்கவும் முடியும் என்று காட்டியதே இத்துறையின் பெரும் சாதனை.

பின்புலம்

தொழுநோயை உண்டாக்கும் பாக்டீரியாவை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். அதன் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு நம்பகமான மருந்து கிடைக்கவில்லை. ஏழைத் தொழுநோயாளிகளைப் பிரித்து அடைத்து வைக்க இந்தியாவில் 1898இல் சட்டமே இயற்றப்பட்டது. அது நீக்கப்பட்டது 2016இல்தான். பொது மருத்துவமனைகள் இந்நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின.

1940களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தபின் நிலைமை மாறியது. செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் இம்மருந்துகளைப் பயன்படுத்தினார். கிருமி ஒடுங்கியது. ஆனால் கிருமி ஒடுங்கியவரின் கை மடங்கியபடியே இருந்தது. அந்தக் கையைப் பார்த்தே ஊர் அவரை ஒதுக்கியது. மருந்தால் முடியாததை அறுவையால் செய்ய முடியுமா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

பால் பிராண்ட் (1914–2003) கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் பயின்று 1946இல் வேலூருக்கு வந்தார். 1947இல் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி வலிக்கும் அளவுக்கு இறுகியது. செத்துப்போனதாகக் கருதப்பட்ட கையில் வலிமையான தசைகள் இருந்தன என்பதை அந்தப் பிடி உணர்த்தியது.

ஊனம் உண்டாகும் விதம்

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் எளிதில் பெருகும். அதனால் தோலுக்கு அருகே ஓடும் நரம்புப் பகுதிகளே பெரிதும் பாதிக்கப்படுகின்றன. முழங்கைக்குப் பின்புறமும் மணிக்கட்டிலும் முழங்காலின் வெளிப்பக்கத்திலும் கணுக்காலின் உட்பக்கத்திலும் நரம்பு வீங்கித் தடிக்கிறது. எந்த நோயாளியைப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே இடங்கள்தான். எந்தத் தசை செயலிழக்கும், எது தப்பும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்ததால் அறுவையைத் திட்டமிடவும் முடிந்தது.

முழங்கையில் அல்நர் நரம்பு கெட்டால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கும். விரல்களின் அடி மூட்டு பின்னோக்கி நிமிர, நடு மூட்டும் நுனி மூட்டும் உள்நோக்கி மடங்கும். மணிக்கட்டில் மீடியன் நரம்பும் கெட்டால் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்காது. பேனா பிடிப்பதும் சோற்றை அள்ளுவதும் பொத்தான் போடுவதும் இயலாமல் போகும். ஆனால் முன்கையின் பெரும்பாலான தசைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

அறுவை முறை

நல்ல நிலையில் உள்ள தசையின் நாணை அதன் இடத்திலிருந்து விடுவித்து, செயலிழந்த தசையின் வேலைக்குத் திருப்புவதே இதன் அடிப்படை. போலியோவுக்கும் போர்க்காயங்களுக்கும் இத்தகைய அறுவைகள் ஏற்கெனவே நடந்துவந்தன. கை அறுவையில் அமெரிக்க மருத்துவர் ஸ்டெர்லிங் பனெல் வகுத்த முறைகளைத் தொழுநோய்க் கைக்கு ஏற்றபடி பிராண்ட் மாற்றினார். முதல் அறுவை 1948இல் நடந்தது.

தொடக்க முறையில், விரலை மடக்கும் இரு நாண்களுள் மேலோட்டமானதை எடுத்து, இழைகளாகப் பிரித்து, விரல்களின் பக்கவாட்டில் தைத்தனர். பின்னர் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளில் ஒன்றைப் பிராண்ட் தேர்ந்தெடுத்தார். அதன் நீளம் போதாது என்பதால், காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணை இணைத்து நான்கு விரல்களுக்கும் நான்கு இழைகளாகக் கொண்டுசென்றார். கட்டைவிரலுக்கு வேறொரு விரலின் நாண் திருப்பப்பட்டது.

அறுவைக்கு முன் மெழுகுச் சிகிச்சையாலும் எண்ணெய் தேய்த்து நீவுவதாலும் இறுகிய மூட்டுகள் தளர்த்தப்பட்டன. அறுவைக்குப்பின் சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. அதன்பின் வாரக்கணக்கில் பயிற்சி நடந்தது. முன்பு ஒரு வேலை செய்த தசை இப்போது வேறொரு வேலைக்கு வந்திருப்பதை நோயாளி பழகியாக வேண்டும். ஆகவே அறுவை மருத்துவருக்கு நிகரான பொறுப்பு இயன்முறை மருத்துவருக்கும் இருந்தது.

தொங்கு பாதத்துக்குக் கணுக்காலின் உட்புறத் தசைநாண் பாதத்தின் மேற்பக்கத்துக்கு மாற்றப்பட்டது. மூடாத இமைக்கு, மெல்லும் தசையின் ஒரு பகுதி இமைகளுக்குள் கொண்டுவரப்பட்டது. பல்லைக் கடித்தால் கண் மூடும். கண் தொடர்பான பணியில் பிராண்டின் மனைவி மார்கரெட் பிராண்ட் முன்னின்றார்.

உணர்விழப்பும் காயமும்

தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் உதிரும் என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமும் இருந்தது. வேலூர்க் குழு நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கவனித்து இதை மறுத்தது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைத் தொடுவதும், கருவியை அளவுக்கு மீறி அழுத்திப் பிடிப்பதும், கொப்புளம் வந்த காலோடு நடப்பதுமே விரல்கள் குறுகக் காரணம். தூங்கும்போது எலி கடித்து விரல் இழந்தவர்களும் உண்டு. காயத்துக்கு ஓய்வு கொடுத்தால் தொழுநோயாளியின் சதையும் மற்றவர்களுடையதைப் போலவே ஆறியது.

இதனால் பாதுகாப்பு, சிகிச்சையின் பாதியாயிற்று. உள்ளங்கால் புண்ணை மாவுக்கட்டுக்குள் வைத்து ஆற்றும் முறையை 1930களிலேயே இலங்கை மருத்துவர் மில்ராய் பால் கையாண்டிருந்தார். பிராண்ட் அதை விரிவாகப் பயன்படுத்தினார். ஆறிய காலுக்கு மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பு உருவாக்கப்பட்டது. அறுவை அசைவைத் திருப்பித் தரும், உணர்வைத் தராது என்பதால், திருத்தப்பட்ட கையைக் கண்ணால் பார்த்துக் காத்துக்கொள்ளவும் நோயாளிக்குக் கற்பிக்கப்பட்டது.

நிறுவனங்களும் மனிதர்களும்

கை சரியானவர்கள் தொழில் கற்பதற்காகக் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஷிஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் உருவானது. அங்கு அறுவை மருத்துவர் எர்னஸ்ட் ஃபிரிச்சி இவ்வறுவைகளை மேலும் செம்மைப்படுத்தி நூலாக எழுதினார். மும்பையில் அறுவை மருத்துவர் நோஷிர் ஆன்டியா முகச் சீரமைப்பில் புதிய வழிகளை வகுத்தார்.

பிராண்டிடம் பயின்ற மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தாக்கம்

லண்டன் அரச அறுவை மருத்துவர் கல்லூரியில் பிராண்ட் ஆற்றிய ஹண்டேரியன் சொற்பொழிவு 1952இல் வெளியாகி, வேலூர் முறைகளை உலகறியச் செய்தது. 1960இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்விழந்த பாதம் பற்றி வேலூரில் கற்றவை அங்கிருந்து நீரிழிவுப் புண் சிகிச்சைக்கும் பரவின. நீரிழிவு நோயாளிகளுக்கு இன்று தரப்படும் மென்செருப்பும், கால்களைத் தினமும் பார்க்கச் சொல்லும் அறிவுரையும் இந்த வழியில் வந்தவை.

1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியபின் ஊனத்தோடு வருபவர்கள் குறைந்தனர். நரம்பு வலுவிழக்கத் தொடங்கிய ஆறு மாதங்களுக்குள் ஸ்டீராய்டு கொடுத்தால் பலருக்கு நரம்பு மீள்கிறது. அவர்களுக்கு அறுவை தேவைப்படுவதில்லை. தாமதமாகக் கண்டறியப்படுபவர்களுக்கு வேலூரில் உருவான தசைநாண் மாற்று முறைகள் இன்றும் செய்யப்படுகின்றன.