காஞ்சித் தருமபாலர் உரையும் சீன மொழிபெயர்ப்பும்

சிவஞானசித்தியார் பரபக்கத்து மறுக்கப்படும் புத்தமதத்தார் நால்வருள் யோகாசாரனும் ஒருவன். அறிவின் வேறாகப் புறப்பொருள் இல்லை என்பது அவன் கொள்கை. அதற்கு ஆணிவேராய நூல்களுள் ஒன்று வசுபந்து வடமொழியில் இயற்றிய திரிம்சிகை, முப்பதே சுலோகங்களையுடையது. அதற்கு உரை வகுத்தோர் பதின்மர் என்பது சீனர் வழக்கு. அவருள் தலையாயவராக அங்குப் போற்றப்படுபவர் காஞ்சிமாநகரத்துத் தருமபாலர்.

அமைச்சர் ஒருவர்க்கு மைந்தராய்ப் பிறந்த இவர், அரசன் மகளை மணக்க விரும்பாது நகர் நீங்கித் துறவு பூண்டார் என யுவான் சுவாங் எழுதிவைத்துள்ளார். பின்னர் நாளந்தையில் பேராசிரியராய் விளங்கினார். அவர் மாணாக்கர் சீலபத்திரர்; சீலபத்திரர்பால் பாடங்கேட்டவர் யுவான் சுவாங். ஆகவே தருமபாலர் உரை சீனம் புக்கது ஏட்டின் வழியாக மட்டுமன்று. ஆசிரிய மரபின் வழியாகவுமாம்.

கி. பி. 645-இல் 657 நூல்களோடு தாய்நாடு மீண்ட யுவான் சுவாங், பத்து உரைகளையும் தனித்தனியே பெயர்க்கக் கருதி, மாணாக்கர் நால்வரைத் துணைக்கொண்டார். அந்நால்வருள் ஒருவராகிய குவெய்சி அதற்கு இசைந்திலர். உரைகள் தம்முள் முரணுதலின் கற்பார் மயங்குவர். அவற்றை ஒன்றாக்குதலே தக்கது என வேண்டினார். ஏனை மூவரும் விலக்கப்பட, 659-இல் பத்து உரையும் கலந்து ஒரு நூலாயின. இவ்வளவும் குவெய்சி தாமே கூறும் செய்தி.

கற்பார்க்கு இஃது எளிமை தந்திருக்கலாம், உரையாசிரியர்க்கோ பேரிழப்பாயிற்று. இக்கூற்று இன்னாருடையது என்னுங் குறிப்பு அந்நூலிற் பெரும்பாலும் இல்லை. பெயர்களைத் தருவது குவெய்சியின் விளக்கவுரையே. அறிவினுள் ஸ்திரமதி ஒரு கூறும், நந்தர் இரண்டும், திக்நாகர் மூன்றும், தருமபாலர் நான்கும் கொண்டனர் என்று அவர் வகுப்பர். காணப்படுவது, காண்பது, அக்காட்சியை அறிவது, அவ்வறிதலுக்கும் சான்றாவது என்பன அந்நான்கு. தருமபாலரது நுண்ணறிவுக்கு இந்நான்காங் கூறே சான்றாகக் காட்டப்படுகின்றது. ஆயினும் இவ்வகுப்பை ஒத்துநோக்க அவருடைய வடமொழி உரை இன்று இல்லை.

ஸ்திரமதியின் நிலை வேறு. அவர் உரை நேபாளத்துச் சுவடியிலிருந்து 1925-இல் சில்வேன் லெவி என்னும் பிரெஞ்சு அறிஞரால் அச்சேறிற்று. அதனோடு ஒப்பிட்டபோது, குவெய்சி அவர்மேல் ஏற்றிய கருத்துக்களுட் சில அவ்வுரையிற் காணப்பட்டில. ஒருவர் திறத்து இங்ஙனம் நேர்ந்ததாயின், தருமபாலர் திறத்தும் குவெய்சியின் சொல்லை அப்படியே கோடல் இயலாது.

அவர் குரல் கலப்பின்றிக் கேட்கும் இடம் வேறொன்று உண்டு. ஆரியதேவரது சதுச்சதகத்தின் பிற்பாதிக்கு அவர் செய்த உரையை யுவான் சுவாங் 650-இல் தனியே பெயர்த்துள்ளார். அப்பொழுது கலக்கச் சொல்வார் எவரும் இலர் போலும்.