பன்றியும் கெளுத்தியும்: பண்டைய இஸ்ரவேலரின் உணவு விதிகள்

பண்டைய இஸ்ரவேலர் எதைச் சாப்பிடக் கூடாது? பன்றி என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் லேவியராகமம் 11, உபாகமம் 14 ஆகிய அதிகாரங்களில் உள்ள பட்டியல் மிகப் பெரியது.

நிலத்து விலங்கு என்றால் குளம்பு பிளந்திருக்க வேண்டும், அசையும் போட வேண்டும். பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கும், ஆனால் அசைபோடாது. ஒட்டகம் அசைபோடும், ஆனால் குளம்பு விதிக்குப் பொருந்தாது. இரண்டுமே விலக்கு. நீரில் வாழ்வன என்றால் செட்டையும் செதிலும் வேண்டும். ஆகவே நண்டு, இறால், கெளுத்தி எதுவும் கூடாது. எந்த இறைச்சியானாலும் இரத்தத்தை உண்ணக் கூடாது.

இதோடு சேர்ந்ததுதான் தீட்டு. பிணத்தைத் தொட்டால் 7 நாள். ஆண் குழந்தை பெற்றவளுக்கு 40 நாள், பெண் குழந்தை என்றால் 80 நாள். பிள்ளை பெறுவதும் பிணத்தை அடக்கம் செய்வதும் பாவம் அல்ல. அந்த நிலையில் பரிசுத்த இடத்தை நெருங்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஏன் இந்த விதிகள்? உடல்நலத்துக்காக என்றார் 12-ஆம் நூற்றாண்டு யூத மருத்துவர் மைமோனிடிஸ். அப்படியானால் ஒட்டகம் என்ன கெடுதல் செய்தது? எந்த வகையிலும் சரியாக அடங்காதவையே விலக்கப்பட்டன என்றார் மேரி டக்ளஸ் (1966). நிழலும் நீரும் குறைந்த நாட்டில் பன்றி வளர்ப்பு கட்டுப்படியாகாது, மனிதன் உண்ணும் தானியத்துக்கும் அது போட்டி என்றார் மார்வின் ஹாரிஸ் (1974).

மண்ணைத் தோண்டினால் வேறு கதை கிடைக்கிறது. பெலிஸ்தரின் எக்ரோன், அஸ்கலோன் நகரங்களில் பன்றி எலும்புகள் நிறையக் கிடைத்தன. இஸ்ரவேலரின் மலைநாட்டு ஊர்களில் மிக அரிது. அப்படியானால் விதி அன்றே இருந்ததா? அவசரப்பட வேண்டாம். யூதா ராஜ்யத்தின் காலத்திலும் பின்னர் பாரசீகர் ஆட்சியிலும் எருசலேமில் கெளுத்தி மீன் தின்றிருக்கிறார்கள் என்று 2021-ல் வெளியான மீன் எலும்பு ஆய்வு காட்டியது. ஏட்டில் இருந்த விதி எல்லார் அடுப்படிக்கும் வந்து சேர நெடுங்காலம் ஆகியிருக்க வேண்டும்.

வந்து சேர்ந்த பிறகு அதற்காக உயிரையும் கொடுத்தார்கள். கி.மு. 167-ல் அந்தியோகஸ் மன்னன் யூத வழக்கங்களைத் தடை செய்தான். பன்றி இறைச்சி தின்ன மறுத்து உயிர்விட்ட முதியவர் எலெயாசாரின் கதையை மக்கபேயர் இரண்டாம் நூல் சொல்கிறது.

கி.பி. 70-ல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தார்கள். பலி நின்றது. தீட்டு விதிகளில் பலவும் நடைமுறையில் இல்லாமல் போயின. உணவு விதி மட்டும் உலகெங்கும் யூதர்களோடு பயணம் செய்தது. பலிக்கு ஆலயம் வேண்டும், உணவு விதிக்கு ஒரு சமையலறை போதுமே!