ஜப்ரும் தல்க்கும்: முறிந்த எலும்பு கூடிய பின்னர்

‘ஜப்ர்’ என்றதும் நம் மாணவர்களுக்குக் கணிதமே நினைவுக்கு வருகிறது. அல்குவாரிஸ்மியின் நூற்பெயரிலிருந்து ஐரோப்பா ‘அல்ஜீப்ரா’வைப் பெற்றது உண்மைதான். ஆயினும் அச்சொல்லின் மூலப்பொருள் முறிந்ததைச் சேர்த்தல் என்பதாகும். எலும்பு சேர்ப்பவர் ‘முஜப்பிர்’. ஸ்பெயின் நாட்டாரும் அவரை நெடுங்காலம் ‘அல்ஹெப்ரிஸ்தா’ என்றே அழைத்தனர்.

இச்சொல்லாராய்ச்சிக்கு என்னைத் தள்ளியது ஒரு விபத்து. சில ஆண்டுகளுக்கு முன் ஹவுளருகே வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. திண்டுக்கல்லை அடுத்த சிற்றூரில் கட்டு வைத்தியர் ஒருவர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது, அதில் குறையில்லை. ஆனால் கையை அசைக்கவே கூடாது என்ற அவர் சொல்லை நம்பி, விரல்களையும் தோளையும்கூட அசைக்காதிருந்துவிட்டேன். கட்டு அவிழ்ந்தபோது தக்பீருக்குக் கை உயரவில்லை. சுஜூதில் உள்ளங்கை தரையில் பதியவில்லை.

அபுல்காசிம் அஸ்ஸஹ்ராவியின் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பகுதியை அப்போதுதான் கருத்தூன்றிப் படித்தேன். கொர்தோபாவில் ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அந்நூல், முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் தனிப் பாகமே ஒதுக்குகிறது. முறிவு கூடிய பின்னும் உறுப்பு மெலிந்தே நின்றால் செய்ய வேண்டியதற்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. எலும்பு கூடுவதோடு வைத்தியம் முடிவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

இப்னு சீனா (980–1037) இன்னும் விரிவாகச் செல்கிறார். ‘அல்கானூன்’ நூலின் முதற்பாகத்தில் ‘ரியாளா’ எனும் உடற்பயிற்சியும் ‘தல்க்’ எனும் தேய்ப்பும் வகுத்துரைக்கப்படுகின்றன. அழுத்தித் தேய்த்தால் உடல் இறுகும். மெல்லத் தேய்த்தால் தளரும். பயிற்சிக்கு முன் செய்வது ஒரு வகை, பின் செய்வது வேறு வகை என்கிறார். நலிந்தோருக்கு ஊஞ்சலும் படகுப் பயணமும்கூடப் பயிற்சியே. இவையனைத்தும் முஸ்லிம்களின் கண்டுபிடிப்பென நம் மேடைகளில் முழங்குவோர் உளர், அது சரியன்று. ஜாலீனூஸ் முதலிய கிரேக்கரிடம் பெற்றதை ஒழுங்குபடுத்திப் பெருக்கியதே நம் முன்னோர் பணி.

இன்றைய இயன்முறை மருத்துவம் இவற்றிலிருந்து நேராகக் கிளைத்ததன்று. ஸ்வீடனில் பேர் ஹென்ரிக் லிங் 1813இல் தொடங்கிய பயிற்சி நிலையம், இங்கிலாந்தில் 1894இல் நான்கு செவிலியர் அமைத்த சங்கம், உலகப் போர்களில் ஊனமுற்ற வீரர்கள் என அதன் வழி வேறு. இந்தியாவில் 1953இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தோன்றியது.

தமிழகத்தின் பங்கு வேலூரில் தெரிகிறது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார். கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு வேலைக்குப் பழகிய தசையை வேறு வேலைக்குப் பழக்கியது அதன்பின் வாரக்கணக்கில் நடந்த பயிற்சியே. 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தபடியே அங்கு மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தார். 1966இல் அதற்கெனத் தனி நிலையமும் எழுந்தது.

நான் சென்ற இயன்முறை மருத்துவர் ஓர் இளம்பெண். தைலம் பூசித் தேய்ப்பார் என எண்ணிச் சென்றேன். அவரோ கோணமானியை எடுத்து மணிக்கட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று அளந்து எழுதினார். தசை வலுவைப் பூச்சியம் முதல் ஐந்துவரை மதிப்பிட்டார். பின்னர் சூடான மெழுகு ஒத்தடம், மூட்டை மெல்ல நெகிழ்த்தல், வீட்டில் நாள்தோறும் செய்யும் பயிற்சி. வலியைத் தாங்கிக்கொண்டு நான் செய்ததே பெரும்பகுதி. அவர் அளந்தார், திருத்தினார், கூட்டினார்.

தேடுவோர் ‘பி.பி.டி.’ பட்டம் உண்டா எனக் கேட்டறிய வேண்டும்; பயிற்சிக் காலமும் அடங்கிய பல ஆண்டுப் படிப்பு அது. தேய்ப்பதில் கைதேர்ந்தவர் எல்லாரும் அதைப் படித்தவரல்லர். படுக்கையில் கிடப்போருக்கு, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டிற்கே வரும் ஏற்பாடும் உண்டு.

பக்கவாதத்தில் விழுந்தவரை மாதக்கணக்கில் தைலத்தோடு மட்டும் கிடத்தி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அரம் பிடித்துப் பூட்டுச் செய்வோரும், தோல் பதனிடும் தொட்டிகளில் குனிந்து நிற்போரும், தோளும் இடுப்பும் முற்றிலும் இறுகிய பின்னரே வருகின்றனர் என்றார் அப்பெண். என் மணிக்கட்டுக்கு ஏழு வாரம் ஆயிற்று. இன்னும் சில பாகை குறைவுதான். ஆனால் சுஜூதில் கை பதிகிறது.