கூடை முடைதலும் தொழில் தெரிவும்

பாடசாலையை விட்டு நீங்கும் பிள்ளையைப் பார்த்து, "நீ என்னவாக விரும்புகிறாய்?" என்று கேட்பது நம்மிடையே வழக்கம். கேள்வி எளியது, அதன் பின்னாலுள்ள நம்பிக்கை பெரியது. உலகிற் பல வாயில்கள் உள, அவற்றுள் ஒன்றை இப்பிள்ளை தானே தெரிந்து திறக்கலாம் என்பதே அந்நம்பிக்கை. ஆனால் விழிப்புலனற்ற மாணவியிடமும், செவிப்புலனற்ற மாணவனிடமும், கற்றலில் மெதுவாகச் செல்லும் பிள்ளையிடமும் இக்கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது. கேள்வி பிறக்குமுன்பே விடை ஆயத்தமாக இருக்கிறது: பிரம்பு பின்னுதல், பாய் இழைத்தல், தையல், மெழுகுதிரி வார்த்தல். இந்த விடையைத் தந்தது பிள்ளையின் உடற்குறையா, அல்லது பிள்ளையைச் சூழ்ந்த சமுதாயமா? இதனை அறிய வேண்டுமாயின், இத்தகைய பிள்ளைகளின் கல்வி அமைப்பு முறையாகத் தொடங்கிய ஐரோப்பாவையும், அங்கிருந்து அம்முறை நமது நாட்டுக்கு வந்த வழியையும் வரலாற்று நோக்கில் ஆராய்தல் வேண்டும்.

1771இல் பாரிஸ் நகரத்துச் சந்தையொன்றிலே, விழிப்புலனற்றோர் சிலருக்குக் கோமாளித் தொப்பியும் அட்டையாற் செய்த பெரிய மூக்குக்கண்ணாடியும் அணிவித்து, வாத்தியங்களைத் தாறுமாறாக வாசிக்கச் செய்து, கூடியிருந்தோர் நகைத்து மகிழ்ந்தனர். அக்காட்சியைக் கண்டு மனம் நொந்தவர் வலன்டீன் ஹாயி என்பவர். பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1784இல், தேவாலய வாயிலிற் பிச்சையெடுத்து நின்ற லெசுவேர் என்னும் பார்வையற்ற இளைஞனை அவர் தமது முதல் மாணவனாக்க முயன்றார். இளைஞன் எளிதில் இசையவில்லை. கற்க வந்தால் அன்றாடப் பிச்சைக் காசு இல்லாமற் போகும். அந்தக் காசைத் தாமே தருவதாக ஹாயி ஒப்புக்கொண்ட பின்னரே படிப்புத் தொடங்கியது. இச்சிறு செய்தி மனங்கொள்ளத்தக்கது. வறியவனின் வயிற்றுக் கணக்கைத் தீர்க்காமல் அவனுக்குக் கல்வி புகட்ட முடியாது என்ற உண்மை, விழிப்புலனற்றோர் கல்வியின் முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிட்டது.

1785இல் ஹாயி நிறுவிய பாடசாலையில் மேடெழுத்துகளைத் தடவி வாசித்தலும், இசையும், நூல் நூற்றலும், பின்னலும், அச்சு வேலையும் கற்பிக்கப்பட்டன. 1791இல் புரட்சி அரசு அப்பாடசாலையின் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டது. சந்தையில் நகைப்புக்குரிய பொருளாயிருந்த மனிதன் உழைப்பாளியாக மதிக்கப்படும் நிலை தோன்றியது. இது மாபெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

அதே 1791இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வறிய விழிப்புலனற்றோருக்கான பாடசாலையொன்று தோன்றியது. அதற்கு வித்திட்டவர்களுள் ஒருவரான எட்வேட் றஷ்ரன் என்பவரின் வாழ்வு தனியே எழுதத்தக்கது. இளமையில் அவர் அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பலில் மாலுமி. கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டிருந்த ஆபிரிக்கரிடையே கண்ணோய் பரவியபோது, ஏனையோர் அணுக அஞ்சிய இடத்துக்குச் சென்று அவர்களைப் பராமரித்தார். அந்நோய் தொற்றித் தாமும் பார்வையிழந்தார். பின்னர் அடிமை வாணிகத்தைக் கண்டித்துக் கவிதைகள் எழுதினார். விடுதலை பேசிக்கொண்டே அடிமைகளை வைத்திருந்த ஜோர்ஜ் வாஷிங்டனைக் கண்டித்துக் கடிதம் எழுதி அதனை வெளியிட்டார். அடிமை வாணிகத்தாற் செழித்த அதே துறைமுகத்திலே இத்தகைய ஒருவரின் முயற்சியும் சேர்ந்து ஒரு பாடசாலை எழுந்தது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

ஆயினும் லிவர்பூலிலும், 1793இல் எடின்பரோவிலும், அவற்றைப் பின்பற்றிப் பிற நகரங்களிலும் எழுந்த நிலையங்கள் விரைவில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டன. கூடை, பாய், துடைப்பம், கயிறு, பிரம்பு நாற்காலி ஆகியவையே அவற்றின் பாடத்திட்டமாயின. காலத்தை நாம் கவனித்தல் வேண்டும். நீராவி இயந்திரம் கைத்தொழில்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. கண்பார்வையுள்ள நெசவாளனே தறியைக் கைவிட்டுத் தொழிற்சாலை வாயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, பார்வையற்ற பிள்ளைக்கு அழிந்துவரும் கைப்பணிகள் கற்பிக்கப்பட்டன. நாள் முழுவதும் முடைந்த கூடை, சந்தை விலையில் அவனது உணவுக்கே போதவில்லை. குறையை நிரப்பச் செல்வந்தரின் நன்கொடை தேவைப்பட்டது. இவ்வாறு, தருமத்திலிருந்து விடுவிப்பதற்கென எழுந்த தொழிற்சாலை மீண்டும் தருமத்திலேயே தங்கி நின்றது. நன்கொடை வழங்கியவர் கண்ணிற் பட்டது கூடை மட்டுமே. கூடை முடைந்தவரின் விருப்பத்தை எவரும் வினவவில்லை.

வினவாமலே விடையளித்த மாணவரும் இருந்தனர். பாரிஸ் பாடசாலையிற் பயின்ற குளோட் மொந்தால் என்பவர், தம் தோழர் ஒருவருடன் சேர்ந்து, பாடசாலைப் பியானோவைத் தடவிப் பார்த்துச் சுருதி கூட்டும் முறையைத் தாமே கற்கத் தொடங்கினார். அங்கு சுருதி கூட்டி வந்த பார்வையுள்ளவர் முறையிட்டார். பியானோவைத் தொடக்கூடாதென மாணவர்க்குத் தடை விதிக்கப்பட்டது. அவர்களோ பழைய பியானோவொன்றை விலைக்கு வாங்கி, அதனைக் கழற்றிப் பூட்டிப் பழுது பார்த்தனர். அந்த வேலையைக் கண்ட பின்னரே நிருவாகம் இணங்கிப் பாடசாலை வாத்தியங்களை அவர்களிடம் ஒப்படைத்தது. 1836இல் மொந்தால் இக்கலையைப் பற்றி நூலொன்றையும் வெளியிட்டார். அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, பியானோச் சுருதி கூட்டுதல் மேலைநாடுகளில் விழிப்புலனற்றோரின் மதிப்புமிக்க தொழிலாக நிலைபெற்றது. எந்தப் புரவலரும் வகுத்துக் கொடுக்காத இத்தொழிலை, தடையை மீறிய மாணவரின் விரல்களே கண்டுபிடித்தன.

அதே பாடசாலையில் 1819இற் சேர்ந்த லூயி பிரெயில், பதினைந்து வயதளவில் ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கி, 1829இல் அதனை வெளியிட்டதை நாம் அறிவோம். பார்வையுள்ள நிருவாகிகள் தமது கண்ணுக்குப் புலப்படும் மேடெழுத்தையே விரும்பினர். பிரெயில் எழுத்து தடைசெய்யப்பட்ட காலத்திலும் மாணவர் அதனை மறைவாகப் பயின்றனர். பிரெயில் 1852இல் மறைந்தார். அவரது எழுத்துக்குப் பிரான்சின் அதிகாரபூர்வ ஏற்பு 1854இலேயே கிடைத்தது. ஆசிரியரும் எழுதுநரும் ஆவதற்கு வழி திறந்தது அவ்வெழுத்தே என்பதை நோக்குமிடத்து, அந்தத் தாமதத்தால் எத்தனை வாழ்வுகள் குறுகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

செவிப்புலனற்றோரின் வரலாறு இதனினும் கசப்பானது. சைகை மொழியாற் கற்பித்த பாடசாலைகளில், கற்றுத் தேர்ந்த செவிப்புலனற்றோரே ஆசிரியராகப் பணியாற்றும் மரபு வளர்ந்திருந்தது. பிரான்சிற் பயின்ற லோரன்ட் கிளேர்க் அமெரிக்கா சென்று 1817இல் அங்கு பாடசாலை நிறுவத் துணைநின்றார். 1880இல் மிலான் நகரிற் கூடிய மகாநாடு, வாய்ப்பேச்சு முறையே சிறந்ததென்றும் சைகையை விலக்க வேண்டுமென்றும் தீர்மானித்தது. அங்கு கூடிய 164 பேருள் செவிப்புலனற்றவர் ஒருவரே. தீர்மானத்தின் பின் அவர்கள் ஆசிரியத் தொழிலிலிருந்து படிப்படியாக வெளியேற்றப்பட்டனர். வகுப்பறையில் மொழியைப் பறித்தவர்கள், அதே வேளையில் ஓர் உயர்ந்த தொழிலையும் பறித்தனர். தன்னைப் போன்ற ஒருவர் ஆசிரியராக நிற்பதைக் காணாத பிள்ளை, தானும் அவ்வாறு ஆகலாமென எங்ஙனம் எண்ணும்?

பிரித்தானியாவில் 1893ஆம் ஆண்டுச் சட்டம் விழிப்புலனற்ற, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குப் பதினாறு வயதுவரை கல்வியைக் கட்டாயமாக்கியது. ஏனைய பிள்ளைகள் பதினொரு வயதிற் பாடசாலையை விடலாமென்றிருந்த காலத்தில் இது பெருஞ் சலுகையாகத் தோன்றும். ஆனால் கூடுதலாகக் கிடைத்த ஆண்டுகளுட் பெரும்பகுதி கைத்தொழிற் பயிற்சிக்கே சென்றது. பயிற்சி முடித்தவர் சென்றடைந்த தொழிற்கூடங்களில் ஊதியம் மிகச் சொற்பம்.

இந்நிலையை மாற்றியது அத்தொழிலாளரின் ஒற்றுமையே. விழிப்புலனற்றோரின் தேசியச் சங்கம் தொழிற்சங்க இயக்கத்தோடு இணைந்து இயங்கியது. 1920 ஏப்ரலில் அதன் உறுப்பினர் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இலண்டனை நோக்கி நடந்தனர். தருமம் வேண்டாம், நீதி வேண்டும் என்பதே அவர்கள் ஏந்திய முழக்கம். பிரதமர் லொயிட் ஜோர்ஜ் அவர்களைச் சந்திக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டே நிறைவேறிய சட்டம் அவர்களது ஓய்வூதிய வயதை எழுபதிலிருந்து ஐம்பதாகக் குறைத்ததோடு, உள்ளூராட்சி மன்றங்கள்மீது அவர்களது நலனுக்கான கடமையையும் சுமத்தியது. கூடை முடைந்த கைகளே சட்டத்தையும் முடைந்தன என்று கூறினால் மிகையாகாது.

இரண்டாம் உலகப் போர் அங்கவீனரான போர்வீரரை ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பியது. தொழிற்சாலைகளோ ஆளின்றித் தவித்தன. 1944ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் இச்சூழலிற் பிறந்தது. இருபது பேருக்குக் குறையாத தொழிலாளரை வைத்திருப்போர் நூற்றுக்கு மூன்று வீதம் அங்கவீனரைச் சேர்த்தல் வேண்டும் என்றது சட்டம். அத்துடன் இரு தொழில்கள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன: மின்தூக்கியை இயக்குதலும், வாகனத் தரிப்பிடத்தைக் காவல் செய்தலும். ஒரு பேரரசின் கற்பனை அவ்வளவோடு வற்றிவிட்டது. மூன்று வீத விதியை மீறியோர்மீது தொடரப்பட்ட வழக்குகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விதியையே நீக்கி, பாரபட்சத்தைத் தடைசெய்யும் ஏற்பாட்டை அதனிடத்தில் வைத்தது.

அறிவு வளர்ச்சியிற் பின்தங்கிய பிள்ளைகளின் நிலை இன்னும் தாழ்ந்தது. அவர்களுட் பலர் "கற்பிக்க இயலாதவர்" என முத்திரை குத்தப்பட்டு, 1971 ஏப்ரல் வரை இங்கிலாந்தின் கல்வி முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். பள்ளிக்கூடமே மறுக்கப்பட்ட பிள்ளைக்குத் தொழில் வழிகாட்டலை எவர் நினைப்பர்?

1978இல் மேரி வோர்னொக் தலைமையிலான குழு தனது அறிக்கையை வெளியிட்டது. குறையின் பெயரால் பிள்ளையை வகைப்படுத்துதலை விடுத்து, விசேட கல்வித் தேவை என்ற கருத்தை அது முன்வைத்தது. பாடசாலைக் காலத்தில் ஐந்திலொரு பிள்ளைக்கு எப்போதாவது அத்தேவை ஏற்படலாம் எனவும் மதிப்பிட்டது. நமக்கு முக்கியமான பரிந்துரை ஒன்று அதில் உண்டு: பாடசாலையை விடும் வயதுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முன்னரே, எதிர்காலத்தை மனத்திற்கொண்டு மாணவரின் நிலையை மீள ஆராய வேண்டும் என்பதே அது. தொழில் வழிகாட்டல் கடைசி நாளில் வழங்கும் அறிவுரையன்று, கல்வியின் உட்பகுதி என்ற எண்ணம் இங்கு தெளிவு பெற்றது. 2014இல் அங்கு வகுக்கப்பட்ட சட்டம் இத்தகைய இளைஞருக்கான உதவித் திட்டத்தை இருபத்தைந்து வயதுவரை நீட்டியது. அதே காலப்பகுதியில், 2012 முதல் 2013 வரை, 1946இல் தொடங்கி நாடெங்கும் பரவியிருந்த றெம்ப்ளோய் என்னும் அரச தொழிற்சாலைகள் மூடப்பட்டன. சட்டப் புத்தகத்தில் உரிமை வளர்ந்தபோது சம்பளப் பட்டியலிலிருந்து பெயர்கள் நீங்கின. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் வாசித்தல் வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த இலங்கைக்கு இம்மரபு மிசனரிமாரின் வழியாக வந்தது. மேரி சப்மன் என்னும் மிசனரி அம்மையாரின் முயற்சியால் 1912இல் தோன்றிய செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலை இரத்மலானையில் நிலைபெற்றது. 1956இல் வடக்கே கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தது. அரசு கைவிட்டிருந்த பிள்ளைகளை அரவணைத்த இந்நிலையங்களுக்கு நாம் கடப்பாடுடையோம். ஆனால் அரவணைப்போடு கூடையும் பிரம்பும் சேர்ந்தே கப்பலேறி வந்தன என்பதையும் மறத்தலாகாது. கைப்பணியை நாம் இழிவுபடுத்தவில்லை. விரும்பிச் செய்யும் எத்தொழிலும் மேன்மையானதே. விருப்பம் வினவப்படாமையே நமது முறைப்பாடு.

இன்று சட்டங்களுக்குக் குறைவில்லை. அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்று வீதம் தகுதியுடைய மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறியது. வேலைக்கு ஆள் சேர்ப்பதிலும் கல்வி நிலையங்களில் அனுமதிப்பதிலும் பாரபட்சம் காட்டலாகாதென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. 2016இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் இலங்கை ஏற்று உறுதி செய்தது. ஆனால், நாம் மேலே கண்டவாறு, 1944ஆம் ஆண்டின் மூன்று வீதம் ஐம்பது ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் இருந்தும் பெரும்பாலும் உறங்கியே கிடந்தது. கேட்போர் இல்லாத உரிமை காகிதமாகவே இருக்கும். போரினால் உறுப்பிழந்த பிள்ளைகளும் இளைஞரும் வாழும் இம்மண்ணில் இப்பாடம் நமக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஆகவே ஆசிரியர்களாகிய நமது கடமை வகுப்பறையிலேயே தொடங்குகிறது. பத்தாந் தரத்தில் ஏனைய மாணவரிடம் கேட்கும் அதே கேள்வியை இம்மாணவரிடமும் கேட்போம். விடைக்காகப் பொறுமையோடு காத்திருப்போம். சைகை மொழியில் வரும் விடையை விளங்கிக்கொள்ள நாமும் கற்போம். வழக்கறிஞராகவும், ஆசிரியராகவும், கணினித் துறையினராகவும் பணிபுரியும் மாற்றுத்திறனாளிகளைப் பாடசாலைக்கு அழைத்து மாணவர்முன் நிறுத்துவோம். மூன்று வீதம் எங்கே என்று நமது தொழிற்சங்கக் கூட்டங்களிற் கேட்போம். லெசுவேரின் வீட்டுக் கணக்கை ஹாயி தீர்த்ததுபோல, வறிய மாணவரின் போக்குவரத்துக் காசும் உபகரணச் செலவும் கல்வியின் பகுதியே என வாதாடுவோம்.

மொந்தால் தடையை மீறிப் பியானோவைத் தொட்டார். நமது மாணவர் எதனைத் தொட விரும்புகின்றனர் என்பதை நாம் இன்னும் அறியோம். அறியாமைக்குக் காரணம் எளிது: நாம் கேட்கவில்லை.