நந்தனுக்கு விடை கொடாத வேதியர்

பேச்சில் கதையைச் சேர்ப்பது அவையோரை உறங்காமல் வைத்திருக்கும் உபாயம் என்றே நம்மில் பலர் கருதி வருகின்றோம். பேச்சு தொய்யும் இடத்தில் ஒரு குட்டிக்கதை. அவை சிரித்ததும் மீண்டும் பேச்சு. நம் முன்னோர் கையாண்ட முறை இதுவன்று. அவர்களிடத்தில் கதையே கருத்தைச் சுமந்து சென்றது. அதற்குக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.

சேக்கிழார் பெருமான் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில் பண்ணையார் எவரும் இல்லை. தில்லைக்குச் செல்ல நந்தனார் விழைகின்றார். தம் பிறப்பை எண்ணித் தயங்குகின்றார். 'நாளைப் போவேன்' என்று நாள்களைக் கழிக்கின்றார். தடை அவர் உள்ளத்திலேயே இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வரலாற்றைக் கதாகாலட்சேபத்துக்கென இசை நாடகமாக்கிய பாரதியார், அத்தடையை வெளியே கொணர்ந்து ஓர் ஆளாக நிறுத்திவிட்டார். அவரே வேதியராகிய பண்ணையார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கின்றார் அவர். அந்தக் கணத்திலிருந்து கேட்போர் நெஞ்சில் ஒரே வினாதான்: விடை கிடைக்குமா, கிடைக்காதா? பக்தி, சாதி, உழைப்பு, அதிகாரம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு வினாவுக்குள் அடங்கிவிடுகின்றன. பாரதியார் தனியே ஓர் அறவுரை கூறவேண்டிய தேவையே எழவில்லை.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இந்நூலின் இலக்கண வழுக்களைக் கருதி முதலில் சிறப்புப் பாயிரம் தரத் தயங்கியதையும், பாரதியார் பாடக் கேட்டபின் மனம் நெகிழ்ந்து அளித்ததையும் உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கின்றார். இலக்கணம் கற்பிக்கும் நம்மனோர் அவ்வப்போது நினைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

பாரதியார் இச்சரித்திரத்தைப் பாடிப் புகழ்பெற்ற நாகப்பட்டினத்திலிருந்துதான் நம் மூதாதையர் பல்லாயிரவர் கப்பலேறிப் பினாங்கிலும், பிற்காலத்தில் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர்பெற்ற போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வந்திறங்கினர். தோட்டத்துத் தொழிலாளிக்கு நந்தன் கதையின் பொருளை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றவர் அவர். ஊருக்குப் போகவும், நோயுற்ற தாயைப் பார்க்கவும் கங்காணியிடமும் கிராணியாரிடமும் துரையிடமும் விடை வேண்டி நின்றவர் அவர். கதையில் தாம் நிற்கும் இடத்தைக் கண்டுகொண்ட பின், கேட்பவரைப் பேச்சாளர் பிடித்து நிறுத்த வேண்டியதில்லை.

தஞ்சையில் மராட்டியர் ஆட்சியின் வழியாக வந்த கீர்த்தன மரபைத் தமிழோடு இணைத்துக் காலட்சேபத்துக்கு அழகிய வடிவம் தந்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். கையில் சிப்ளாக்கட்டை, அருகில் பின்பாட்டு, இடையிடையே கிளைக்கதை என அமைந்த அவ்வடிவம் எத்துணை வலியது என்பதை, அதனைக் கேலியாகக் கையாண்ட கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனே மெய்ப்பித்தார். 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபத்தில், தில்லைக்கு ஏங்கிய நந்தனின் இடத்தில் படிப்புக்கு ஏங்கிய கிந்தன் வருகின்றான். கிந்தன் ரயிலேறிச் சென்னைக்குப் போகின்றான். சட்டகம் பழையது, ஏக்கம் புதியது.

இசையின்றியும் இது இயலும். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31ஆம் நாள் தம் பிரசங்கத்தைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் உரைநடையைக் கொண்டே அவையைக் கட்டினார். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ரயில்வே ஊழியர்களாகக் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழர் அம்மரபின் வழிவந்தவர்கள். பிற்காலத்தில் நம் நாட்டு மேடைகளில் பேசிய திருமுருக கிருபானந்த வாரியாரோ பாட்டையும் உரையையும் ஒன்றாக்கினார். கதையை நடுவே நிறுத்தி, முன்வரிசையில் அமர்ந்த சிறுவரை வினவுவது அவர் வழக்கம்.

நம் பள்ளிகளின் கதைசொல்லும் போட்டிகளில் அந்த நிறுத்தத்தைத்தான் காணோம். பிள்ளை மனப்பாடம் செய்ததை ஒப்புவிக்கின்றது. 'சிங்கம்' என்றதும் கை நகமாகின்றது. நேரம் முடிய மணி அடிக்கின்றது. கேட்பவர் ஐயுறவோ காத்திருக்கவோ அதில் இடமில்லை. பயிற்றுவிக்கும் நாமே அந்த இடத்தை அடைத்துவிடுகின்றோம்.

இங்கு ஓர் எல்லையும் உண்டு. வேதியரைப் படைத்துக்கொள்ளும் உரிமை பாரதியாருக்கு இருந்தது; அவர் கவிஞர். வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு அவ்வுரிமை இல்லை. அவர் தடையை உண்மை நிகழ்ச்சிக்குள்ளேயே தேடிக் கண்டெடுக்க வேண்டும். தேடினால் கிடைக்கும். 1881இல் கோலாலம்பூர் முதலில் தீயாலும் பின்னர் வெள்ளத்தாலும் அழிந்தது. அத்தாப்புக் கூரைகளுக்கு மாறாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரை மீண்டும் கட்ட முற்பட்டனர். பிரிக்பீல்ட்ஸின் பெயரே அங்கிருந்த செங்கற் சூளைகளால் வந்தது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி ரயில் புறப்பட்டது. ஆனால் அது கிள்ளானைச் சேரவில்லை. புக்கிட் கூடாவில் நின்றுவிட்டது. எதிரே ஆறு, பாலம் இல்லை.

ஆசிரியர் அவ்விடத்தில் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிடட்டும். கிள்ளான் பிள்ளைகள் அந்த ஆற்றை நாள்தோறும் பார்ப்பவர்கள். மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள், சரக்கை எப்படிக் கடத்தியிருப்பார்கள் என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். 1890இல் பாலம் கட்டி முடிந்து ரயில் கிள்ளானுக்குள் நுழைந்த செய்தியை அதன் பிறகு சொல்லலாம்.