வறட்சியின் முடிவும் கட்டுப்பாட்டின் முடிவும்: கேப்டவுன் நகரின் நீர் வரலாறு குறித்துச் சில குறிப்புக்கள்

வறட்சி பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் மழை பொய்த்த காலத்தையே பேசுகின்றன. மழை மீண்டதும் அவை ஓய்ந்துவிடுகின்றன. அணைகள் நிரம்பின, கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன, மக்கள் ஆறுதலடைந்தனர் என்னும் ஓரிரு வாக்கியங்களோடு அத்தியாயம் நிறைவுறும். பஞ்சத்தை உணவுப் பொருளின் குறைவாக மட்டும் காணாது, அதனைப் பெறுவதற்கு மக்களுக்குள்ள உரித்தின் அடிப்படையிலே நோக்கவேண்டும் என்பதை அமர்த்தியா சென் 1981இலே வெளியிட்ட நூல் வலியுறுத்திற்று. பற்றாக்குறை தோன்றுவதை இவ்வாறு சமூக நிலைநின்று விளக்கக் கற்றுக்கொண்ட நாம், பற்றாக்குறை நீங்குவதை மட்டும் இன்றும் வானத்தின் கணக்கிலேயே எழுதிவருகிறோம். மழை பெய்தது, ஆகவே தடை நீங்கிற்று என்பதே விளக்கமாகிவிடுகிறது. யாருக்கு நீங்கிற்று, எந்த ஒழுங்கிலே நீங்கிற்று, எது நீங்காது நிலைத்தது ஆகிய வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரிலே 2018 முதல் 2020 வரை நிகழ்ந்த தளர்வினை இந்நோக்கிலே ஆராய்வது இக்கட்டுரையின் முயற்சியாகும்.

கேப்டவுன் தண்ணீரை முன்னிட்டுத் தோன்றிய நகர். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே சென்றுவந்த கப்பல்களுக்குக் குடிநீரும் மரக்கறியும் இறைச்சியும் வழங்குவதற்காகவே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி 1652இலே அங்கு ஒரு நிலையத்தை நிறுவிற்று. (ஆறு ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியதும் இதே கும்பனிதான். இலங்கையிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோர் கேப்டவுனின் தொடக்ககால உழைப்பாளருள் இருந்தனர்.) மேசை மலையிலிருந்து இறங்கும் ஓடைகளிலே கோய் மக்கள் தம் மந்தைகளுக்கு நீர் காட்டிவந்தனர். அவ்வோடைகள் கும்பனியின் தோட்டங்களுக்குத் திருப்பப்பட்டன. பின்னர் அவற்றிலே அடிமைப் பெண்கள் எசமானரின் துணிகளை வெளுத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே மலையுச்சியிலேயே நீர்த்தேக்கங்கள் எழுந்தன. வூட்ஹெட் நீர்த்தேக்கம் 1897இலும் ஹெலி-ஹற்சின்சன் நீர்த்தேக்கம் 1904இலும் நிறைவுற்றன. இருபதாம் நூற்றாண்டிலே நகர் தன் கையை மலைக்கு அப்பால் நீட்டிற்று. ஸ்ரீன்பிராஸ், வெமர்ஸ்ஹூக், இறுதியாகப் பெரியதான தேவாற்றர்ஸ்குளூவ் என அணைகள் பெருகின. மாரிகால மழையைத் தேக்கிக் கோடையிலே பயன்படுத்தும் முறை இது. ஒரே தொகுதியிலிருந்து நகரும் திராட்சை, ஆப்பிள் பண்ணைகளும் நீர் பெறுகின்றன.

அணைகள் பெருகிய அதே காலத்திலேயே நகர் நிறத்தின்படி கூறுபோடப்பட்டது. 1950ஆம் ஆண்டின் குழுவாரிப் பிரதேசச் சட்டத்தின் கீழ் மலையடிவாரம் வெள்ளையருக்கெனவும், மணற்பாங்கான கேப் சமவெளி ஏனையோருக்கெனவும் ஒதுக்கப்பட்டன. ஆறாம் வட்டாரம் 1966இலே வெள்ளையர் பகுதியெனப் பிரகடனம் செய்யப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் வெளியேற்றப்பட்டனர். 1980களிலே கயெலிற்ஷா தோன்றிற்று. நிழல்மரமும் புற்றரையும் நீச்சற்குளமும் ஒரு பக்கம். பலர் பகிர்ந்துகொள்ளும் தெருக்குழாய் மறுபக்கம். 1994இன் பின்னர் சட்டம் மாறிற்று. குழாய்களோ பெரும்பாலும் பழைய வழியிலேயே ஓடின.

2015, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மழை தொடர்ச்சியாகக் குன்றியது. மத்திய அரசுக்கும், எதிர்க்கட்சியின் ஆளுகையிலிருந்த மாநகரசபைக்கும் இடையே நடந்த குற்றச்சாட்டுப் பரிமாற்றங்களை இங்கு விரித்தல் பயனற்றது. 2018 ஜனவரியிலே ‘பூச்சிய நாள்’ என்னும் தொடர் உலகெங்கும் பரவிற்று. அணைகளின் நீர் 13.5 வீதத்துக்கு இறங்கும் நாளிலே வீட்டுக் குழாய்கள் மூடப்படும். ஏறத்தாழ 200 நிலையங்களிலே மக்கள் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லீற்றர் பெறுவர் என அறிவிக்கப்பட்டது. அந்நாள் அம்மாதத்திலே ஏப்ரல் 21 எனவும், அடுத்து ஏப்ரல் 12 எனவும் குறிக்கப்பட்டது. பின்னர் மே, யூன், யூலை எனத் தள்ளிச்சென்று மார்ச்சிலே அவ்வாண்டுக்குக் கைவிடப்பட்டது. பெப்ரவரி முதலாம் நாளிலிருந்து ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்னும் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. இது ‘6ஆ’ நிலை எனப்பட்டது. 2015இன் தொடக்கத்திலே நாளொன்றுக்கு 100 கோடி லீற்றருக்கு மேல் நுகர்ந்த நகர், 2018இன் முற்பகுதியிலே ஏறத்தாழ 50 கோடி லீற்றருக்கு இறங்கியது. குரூன்லாண்ட் பகுதி விவசாயிகள் தம் தேக்கங்களிலிருந்து 1,000 கோடி லீற்றர் நீரை நகருக்கு விடுவித்தனர். பூச்சிய நாள் வெறும் மிரட்டலே என வாதித்தோர் உளர். அவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. தேவாற்றர்ஸ்குளூவின் வெடித்த சேற்றுப் படுக்கை கற்பனையன்று. நுகர்வு பாதியாகக் குறைந்தமையும் மெய்யான சாதனையே.

எனினும் 25, 50 என்னும் இவ்விரு எண்களும் வறட்சிக் காலத்திலே பிறந்தவையல்ல என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அவற்றின் முற்பிறப்பை அறியாது தளர்வின் பொருளை விளங்கிக்கொள்ள இயலாது.

1994ஆம் ஆண்டிலே புதிய அரசு வெளியிட்ட நீர் வழங்கற் கொள்கை வெள்ளையறிக்கை, அடிப்படை நீர் வழங்கலின் அளவினை ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 25 லீற்றர் என வகுத்தது. அதனை வீட்டிலிருந்து 200 மீற்றருக்குள் பெறக்கூடியதாயிருத்தல் வேண்டும். 2001இலே அறிமுகமான இலவச நீர்க் கொள்கையும், எட்டுப்பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதமொன்றுக்கு 6,000 லீற்றர் என இதே அளவையே கணக்கிட்டது. அதாவது கேப்டவுனின் உயர்வர்க்கத்தினர் ஊழிக்காலமெனக் கண்டஞ்சிய நிலை, வாளியுடன் வரிசையில் நின்று 25 லீற்றர் பெறுதல், நாட்டின் வறியோருக்கு அடிப்படைத் தரமென அரசு ஏட்டிலே எழுதிவைத்திருந்த நிலையாகும். கயெலிற்ஷாவின் குடிசைப் பகுதிகளிலே பூச்சிய நாள் வருவதற்கு இருக்கவில்லை. அது அங்கு அன்றாடமாயிருந்தது.

50 லீற்றரின் கதை இன்னும் கூர்மையானது. சோவெற்றோவின் பிரி பகுதியிலே ஜொகன்னஸ்பேர்க் மாநகரம் 2004 அளவில் முற்கொடுப்பனவு மானிகளைப் பொருத்தத் தொடங்கிற்று. ‘கிசினமன்சி’ என்பது திட்டத்தின் பெயர். சூலு மொழியிலே ‘தண்ணீரைச் சேமியுங்கள்’ என்பது பொருள். இலவச அளவு தீர்ந்ததும் பணம் கட்டாதவரின் குழாய் தானாகவே நின்றுவிடும். இதனை எதிர்த்து லின்டிவே மசிபுக்கோவும் ஏனையோரும் வழக்குத் தொடுத்தனர். போதிய நீரைப் பெறும் உரிமையை 1996ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு 27ஆம் பிரிவிலே அனைவருக்கும் வழங்கியிருப்பதால், ஆளுக்கு 50 லீற்றர் தரப்படவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. உயர்நீதிமன்றம் 2008இலே அதனை ஏற்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 42 லீற்றராகக் குறைத்தது. 2009 ஒக்ரோபரிலே அரசியலமைப்பு நீதிமன்றம் இவ்வளவையும் தள்ளி, உரிமையின் அளவை எண்ணாக வகுப்பது நீதிமன்றத்தின் பணியன்று எனத் தீர்ப்பளித்தது. ஆக, 2009இலே சோவெற்றோவின் வறியோர் உரிமையாகக் கேட்டு மறுக்கப்பட்ட அதே 50 லீற்றர், 2018இலே கேப்டவுன் முழுவதற்கும் அவசரகால உச்ச எல்லையாயிற்று. ஒருவருக்கு எட்டாத கூரை மற்றவருக்குத் தாங்கமுடியாத தாழ்வாரம்.

இப்பின்னணியிலே தளர்வின் படிகளை நோக்குவோம். 2018 மாரியிலே நல்ல மழை பெய்தது; செப்ரெம்பர் இறுதியளவில் அணைகள் முக்காற்பங்கு நிரம்பின. ஒக்ரோபர் முதலாம் நாள் ஆளுக்கான எல்லை 70 லீற்றராகவும், டிசெம்பர் முதலாம் நாள் 105 லீற்றராகவும் உயர்த்தப்பட்டது. 2020 நவம்பரிலே, அணைகள் நிரம்பிவழிந்த நிலையிலே, கட்டுப்பாடற்ற மிகக் குறைந்த கட்டணநிலை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்துக்கு நீரூற்றுவதற்கான தடைகளும் படிப்படியாகத் தளர்ந்தன. இவ்வெண்கள் அனைத்தும் 50 லீற்றருக்கு மேல் நுகரும் ஆற்றலுள்ளோரின் வாழ்வை மட்டுமே தொட்டன. வறட்சியின்போது குடிசைப் பகுதிகள் அனைத்தும் சேர்ந்து நகரின் நீரிலே ஏறத்தாழ 4 வீதத்தையே பயன்படுத்தின. கட்டுப்பாடு அவர்களிடமிருந்து பறிக்கக்கூடியது அற்பம். தளர்வு அவர்களுக்குத் திருப்பித்தரக்கூடியதும் அற்பம். எலிசா சவெல்லியும் பிறரும் 2023இலே வெளியிட்ட ஆய்வின் மதிப்பீட்டின்படி, நகரின் சனத்தொகையிலே 14 வீதத்துக்கும் குறைவான உயர், மேல்நடுத்தர வகுப்பினர் நீரின் 51 வீதத்தை நுகர்கின்றனர், 61.5 வீதமான கீழ்வருமானத்தாரும் குடிசைவாசிகளும் 27.3 வீதத்தையே பெறுகின்றனர்.

தளர்வுக்கு மழை மட்டுமன்றிப் பணமும் காரணமாயிற்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாநகரசபையின் நீர் வருமானம் விற்கப்படும் லீற்றரிலே தங்கியிருந்தது. கூடுதலாக நுகர்வோர் படிமுறைக் கட்டணத்தின் உயர்படிகளிலே செலுத்தியதே குறைவாக நுகர்வோருக்கான மானியத்தைத் தாங்கிற்று. நுகர்வு பாதியானதும் வருமானம் சரிந்தது. சேமித்த மக்களாலேயே சேமிப்பைக் கோரிய நிறுவனம் நட்டப்பட்டது. தண்ணீர் பண்டமாக விற்கப்படும் ஒழுங்கின் உள்முரண்பாடு இதனினும் தெளிவாக வெளிப்படுதல் அரிது. 2017 டிசெம்பரிலே மாநகரசபை ஒரு வறட்சி வரியை முன்மொழிந்தது; சொத்தின் மதிப்புக்கேற்ப அது அறவிடப்படவிருந்தது. பல்லாயிரம் ஆட்சேபங்கள் குவிந்தன. அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. அதன் இடத்திலே 2018 யூலை முதல் வந்தது குழாயின் விட்டத்தை அடிப்படையாகக் கொண்ட நிலையான மாதக் கட்டணம். வறியோரெனப் பதிவுசெய்யப்பட்டோருக்கு விலக்கு இருந்தது, உண்மை. ஆயின் அப்பதிவேட்டுக்குச் சற்று வெளியே நிற்கும் தொழிலாளியின் வீட்டுக்கும் நீச்சற்குளமுள்ள மாளிகைக்கும் பெரும்பாலும் ஒரே விட்டக் குழாயே செல்கிறது. சொத்தை அளக்கும் கோல் நிராகரிக்கப்பட்டு, குழாயை அளக்கும் கோல் ஏற்கப்பட்டது. கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது இக்கட்டணம் அவற்றோடு போய்விடவில்லை.

இலவச நீரின் கதியும் இத்தகையதே. எல்லா வீடுகளுக்கும் வழங்கப்பட்டுவந்த மாதம் 6,000 லீற்றர் இலவசநீர், 2017 யூலையிலிருந்து பதிவுசெய்யப்பட்ட வறியோருக்கு மட்டுமென ஒடுக்கப்பட்டது. மழை வந்தும் அது பொதுவுரிமையாகத் திரும்பவில்லை. நீர்முகாமைக் கருவிகளோ வறட்சிக்கு முன்பே, 2007 முதல், கடன்பட்ட வறிய வீடுகளிலே பொருத்தப்பட்டுவந்தவை. நாளொன்றுக்கு 350 லீற்றர் ஓடியதும் அவை குழாயை மூடிவிடும். மறுநாட் காலைவரை வீட்டிலே தண்ணீரில்லை. ஒரே காணியிலே முன்வீடும் பின்கொட்டில்களுமாகப் பல குடும்பங்கள் வாழும் கேப் சமவெளியிலே 350 லீற்றர் என்பது என்ன என்பதை விளக்கவேண்டியதில்லை. வறட்சியின்போது இதே கருவி மிகையாக நுகர்ந்த வசதியுள்ளோர் வீடுகளுக்கும் சென்றபோதுதான் அது பத்திரிகைச் செய்தியாயிற்று. பின்வந்த ஆண்டுகளிலே மாநகரசபை இக்கருவிகளைப் படிப்படியாகக் கைவிட முற்பட்டது. தோட்டத்தின் தடை மாதக்கணக்கிலே தளர்ந்தது. வறியவர் வீட்டுத் தடை ஆண்டுக்கணக்கிலே தளர்ந்தது.

அவசரநிலை நீங்கியபின் அதன் பெயரால் வந்த ஏற்பாடு நிலைத்துநிற்பது இந்நகருக்குப் புதிதன்று. 1901இலே கேப்டவுனிலே கொள்ளைநோய் பரவியபோது, பொதுச் சுகாதாரச் சட்டத்தின் துணைகொண்டு ஆயிரக்கணக்கான ஆபிரிக்கர் நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு, பின்னாளிலே ந்டபேனி எனப்பட்ட முகாமிலே குடியமர்த்தப்பட்டனர். நோய் தணிந்தது. முகாம் தணியவில்லை; 1920களிலே லங்கா என்னும் புதிய குடியிருப்பு அதன் இடத்தைப் பெறும்வரை நிலைத்தது. சுகாதாரம் பற்றிய அச்சம் இனப்பிரிப்பின் மொழியாக மாறியதை மேனாட் சுவான்சன் 1977இலே எழுதிய கட்டுரை விளக்கியுள்ளது. 2018இன் நிருவாகிகளை 1901இன் நிருவாகிகளோடு ஒப்பிடுவது எமது நோக்கமன்று. முன்னவர் மக்களாற் தெரிவுசெய்யப்பட்டோர், இனப்பிரிப்பு அவர்களது கொள்கையுமன்று. ஆயினும், பொது ஆபத்தின் பெயரிலே விரைந்து செய்யப்படும் ஒழுங்குகளுள் எவை திரும்பப் பெறப்படுகின்றன என்பதை, திரும்பக் கேட்கும் வலிமை யாருக்குண்டு என்பதே இரு காலங்களிலும் தீர்மானித்தது.

வறட்சியின்போது வசதியுள்ள வீடுகள் பல தம் காணிகளிலே குழாய்க்கிணறு தோண்டிக்கொண்டன. தென்னாபிரிக்காவின் 1998ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் காணியிலுள்ளோர் வீட்டுத் தேவைக்கும் வாணிபமல்லாத தோட்டத்துக்கும் நியாயமான அளவு நீரெடுப்பதை உரிமப்பத்திரமின்றியே அனுமதிக்கிறது. நூற்றாண்டுகளாக ஓடைகளையும் அணைகளையும் தமக்கெனத் திருப்பிக்கொண்டோரின் வழித்தோன்றல்கள் நிலத்தடியிலும் தம் பங்கை இவ்வாறு எடுத்துக்கொண்டனர். இவர்கள் பொதுக் குழாயிலிருந்து விலகிய அளவுக்குப் பொதுக் குழாயைத் தாங்கும் பணமும் விலகிற்று. 2020 நவம்பரிலே கட்டுப்பாடுகள் முற்றாக நீங்கியபோது அக்கிணறுகள் எவையும் மூடப்படவில்லை. கயெலிற்ஷாவின் தெருக்குழாய்களில் வரிசைகளும் குறையவில்லை.