சேமிப்பு யாருடைய கணக்கில்? ஹைட் திருத்தமும் மெடிகெய்ட் செலவும்

1976 செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய ஓர் ஒதுக்கீட்டுச் சட்டத்தில், இல்லினாய் உறுப்பினர் ஹென்றி ஹைட் சில வரிகளைச் சேர்த்தார். ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டிலிருந்து கருக்கலைப்புக்குக் கூட்டாட்சிப் பணம் போகக்கூடாது என்பது அவற்றின் சாரம். அதுவரை ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் கருக்கலைப்புகளுக்கு அந்தப் பணம் பயன்பட்டது. வழக்குகளால் தாமதப்பட்ட தடையை 1980-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் ஏற்றது. பணத்தை மிச்சம் பிடிப்பது ஹைட்டின் நோக்கமன்று. முடிந்தால் எல்லாப் பெண்களின் கருக்கலைப்பையும் தடுத்திருப்பேன், கைக்கு எட்டியது மெடிகெய்ட் மசோதா மட்டுமே என்ற பொருளில் அவர் அவையில் ஒளிவின்றிப் பேசினார். ஆனாலும் வரிப்பணம் மிச்சமாகிறது என்ற எண்ணம் இத்தடையோடு ஒட்டிக்கொண்டது. அந்த எண்ணம் தவறு. அதை மறுப்பவர்கள் காட்டும் இலாபக் கணக்கும் முழுமையானதன்று.

கேள்வி எளியது. பணம் மறுக்கப்பட்ட பெண்களில் எத்தனை பேர் பிள்ளை பெறுகிறார்கள்? வட கரோலினா மாநிலம் தன் சொந்தப் பணத்தில் நடத்திய கருக்கலைப்பு நிதி, 1978-க்கும் 1993-க்கும் இடையே ஐந்து முறை ஆண்டு முடியுமுன் தீர்ந்துபோனது. யாரும் திட்டமிடாத சோதனை அது. ஆய்வாளருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. பிலிப் குக் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நிதி இருந்திருந்தால் கலைக்கப்பட்டிருக்கக்கூடிய கருக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பிரசவத்தில் முடிந்தது. பல மாநில ஆய்வுகளைத் தொகுத்த 2009-ஆம் ஆண்டு மதிப்பீடு நான்கில் ஒன்று என்கிறது.

குறைவான விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். நூறு பெண்களுக்குப் பணம் மறுத்தால் நூறு கருக்கலைப்புச் செலவு மிச்சம். இருபத்தைந்து பிரசவச் செலவு கூடுதல். ஒரு பிரசவத்தின் பொதுச்செலவு ஒரு கருக்கலைப்பைப் போல் நான்கு மடங்கைத் தாண்டினால் அரசுக்கு நட்டம். 2012 வாக்கில் பத்தாம் வாரக் கருக்கலைப்புக்கு வசூலிக்கப்பட்ட இடைநிலைக் கட்டணம் 495 டாலர். 2010-ல் இயல்பான பிரசவத்துக்கு, தாய்க்கும் சிசுவுக்குமாக, மெடிகெய்ட் சராசரியாகச் செலுத்தியது 9,131 டாலர். நான்கு மடங்கெங்கே, பதினெட்டு மடங்கெங்கே!

இனி இந்தக் கணக்குக்கு எழும் ஆட்சேபம். இன்று கருவைக் கலைக்கும் பெண் சில ஆண்டுகள் கழித்து, மெடிகெய்ட் உதவியுடனேயே, பிள்ளை பெறலாம். அப்படியானால் இன்றைய பிரசவம் கூடுதல் செலவன்று, முன்கூட்டி வந்த செலவு. கருக்கலைப்புக்கு அரசு செலவிடும் ஒரு டாலருக்கு ஏறக்குறைய நான்கு டாலர் மிச்சமாகிறது என்ற 1986-ஆம் ஆண்டுக் கணக்கு முதல் இரண்டு ஆண்டுகளைத்தான் பார்க்கிறது. பணம் மறுக்கப்பட்டதால் பிறந்த பிள்ளை வளர்ந்து கட்டப்போகும் வரி அதில் இல்லை. ஆகவே நான்கு டாலர் என்பதை முழக்கமாக்குவதை நான் ஏற்கவில்லை. நட்டத்தின் அளவு குறையலாம். ஆனால் பட்ஜெட் பார்க்கும் காலவரைக்குள் சேமிப்பு என்ற பெயர் இத்தடைக்குப் பொருந்தாது.

யாருக்கு நட்டம் என்பது இன்னும் சுவையானது. மெடிகெய்ட் பிரசவச் செலவில் பாதிக்குக் குறையாமல் கூட்டாட்சி அரசு தருகிறது. கருக்கலைப்புக்குப் பணம் தர விரும்பும் மாநிலமோ, சொற்பமான விலக்குகள் நீங்கலாக, முழுத்தொகையையும் தானே சுமக்க வேண்டும். ஆக ஒரு மாநிலம் கைவிரித்தால் கிடைக்கும் மிச்சம் அதற்கே முழுதாகச் சேரும். பிரசவச் செலவில் பாதியோ அதற்கு மேலோ வாஷிங்டனைச் சேரும். தடையைக் கொண்டுவந்த கூட்டாட்சிக் கருவூலமே பெரும்பகுதிச் செலவைத் தாங்குகிறது.

கணக்கில் ஏறாத செலவும் உண்டு. மெடிகெய்ட் மறுத்த பணத்தைக் கடன் வாங்கிச் சேர்ப்பதற்குள் சிலருக்கு வாரங்கள் கடந்துவிடுகின்றன; கரு வளர வளரக் கட்டணமும் ஏறுகிறது. அந்த வித்தியாசம் எந்த அரசு ஏட்டிலும் வராது, அவர்கள் வீட்டு வாடகைப் பணத்திலிருந்து போகிறது.